ஒரே வளையத்து ரெண்டு பேரு

கூடப் பொறந்த ஆச்சிக்கு,

சென்னைல சௌக்கியமா? இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பச்சி மட்டும், பெத்த மக ஒன் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிர்றாக.

நீ அனுப்புன காதல் நாவல் எல்லாம் முடிச்சிட்டேன். எதத் தொறந்தாலும் ஹீரோ தாடைய இறுக்கிக்கிட்டே நிக்கிறான். இவனுக்குத் தேவை ஹீரோயின் இல்ல ஆச்சி, பல் டாக்டர்!

ஆனா அந்த டிஸ்டோபியா நாவல் வெறித்தனம்! நாட்டையே ஒம்போது வளையமாப் பிரிச்சு, ஒரே வளையத்துக்குள்ள கல்யாணம் பண்ணா வெரட்டி விட்டுர்றாங்க. சமையக்கட்டுல ஆத்தாட்ட கதை சொன்னேன்.

"நம்ம ஆளுக ஒம்போது கோயிலாப் பிரிஞ்சிருக்க மாதிரிதான? ஒரே கோயில்னா அண்ணன் தங்கச்சி முறைடி. இதுல என்ன கொடுமை?"ன்னாக.

நீ கட்டுனா அவரத்தான்னு நிக்கிற, நம்ம கோயில் ராம்நாத் அண்ணன் பேர நான் எடுக்கவே இல்ல. ஹீரோயின் பொட்டியத் தூக்கிட்டு மழைல போறதையும், பெத்தவ கதவச் சாத்துறதையும் மட்டும் சொன்னேன்.

"என்னடி பொம்பள அவ! வளையமாம் வளையம்! கட்டி வச்சுத் தொலைய வேண்டியதுதான?"

பணியாரம் கருகிருச்சு. அப்புறம் மெதுவா, "அந்தப் பிள்ள திரும்பி வந்துச்சா?"ன்னாக.

புக்குல வரல. நான், "ரெண்டாம் பாகத்துல பொங்கலுக்கு வாரா"ன்னு அடிச்சு விட்டேன். அந்த நாட்டுல ஏதுடி பொங்கல்னு ஆத்தா கேக்கல. "அவனையும் கூட்டிட்டு வரட்டும்"னாக. அப்பச்சி அங்கிட்டு பேப்பர் படிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டாக. எந்திரிச்சுப் போகல!

என்னயப் பொய்க்காரி ஆக்கிறாத ஆச்சி. ராம்நாத் அத்தானையும் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
கதைய மாத்திச் சொன்ன ஒன் தங்கச்சி