மச்சான் அனுப்பிய பேரிங்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீங்கள் சிரித்தே சமாளித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் மாப்பிள்ளைக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியுமல்லவா? ஸ்குரூடிரைவரை எஞ்சினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து வண்டிக்கு நோய் சொல்கிற மெக்கானிக். தூக்கிப் போனவர்கள் "டாக்டர் விழுந்துட்டாரு" என்று கத்த, நர்ஸ் பதறிப்போய் எந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்று கேட்டாளாம். அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

விழுந்தது தபால்காரர் வண்டியில். முன்சக்கரத்தில் சத்தம் என்று கொண்டுவந்தார். கம்பெனி பேரிங் வர ஒரு மாதமாகும் என்றதால், அதே அளவில் வெளித் தயாரிப்பு அனுப்பச் சொல்லி உங்களைக் கேட்டோம். உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து பெட்டி நிறைய அனுப்பினீர்கள். எந்தப் பேரிங்கானாலும் காதருகே சுற்றிப் பார்க்காமல் மாட்டாதவர், இதை மட்டும் அப்படியே எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மச்சான் அனுப்பினதையுமா சந்தேகப்படுவாங்க" என்றார்.

சுத்தியல் தொடாமல், விரலால் தள்ளியதுமே அது உள்ளே போய்விட்டது. இவ்வளவு லூசாக இருக்கக்கூடாதே என்று உடனே உங்களுக்குப் போன் செய்தார். "இப்ப வர்ற சரக்கு அப்படித்தான் மாப்ள, கொஞ்சம் பசை தடவி மாட்டுங்க" என்றீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்படியே மாட்டி ஓட்டிப் பார்க்கப் போனவர் இரண்டாவது வளைவைத் தாண்டவில்லை. பேரிங் நொறுங்கிச் சக்கரம் இறுகிவிட்டது.

அன்று சாயங்காலமே உங்களிடம் சொன்னேன். "மாட்டினதுல ஏதோ கோளாறு, மாப்ள கை முன்ன மாதிரி இல்ல போல" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அண்ணா. அவர் கேட்டுவிட்டார்.

அதிலிருந்து, பட்டறையில் வேலைக்குப் பையன் இருந்தும், பேரிங் வேலை என்று யார் வந்தாலும் எதிர்க் கடைக்கு அனுப்பிவிடுகிறார். தபால்காரரிடம், தப்பு என்னுடையது என்று கை கூப்பினார். அந்த மனிதர் திகைத்துப்போனார். இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று அவர் தூங்கும்போது மீதிப் பேரிங்கை எடுத்தேன். ஊக்கால் மூடியை நெம்பினேன். மேலே புது கிரீஸ். துடைத்தால் உள்ளே குண்டெல்லாம் பழுப்பேறிச் சொரசொரப்பு. வெளிவளையத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். புது எண்ணுக்கு அடியில் பழைய எண் மங்கலாகத் தெரிகிறது. தேய்த்ததால்தான் லூசு.

உங்களையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பாவம் அண்ணன் என்று சொல்லத்தான் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்கள். "அந்தப் பெட்டியா? கடைக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு உங்கண்ணன் ஒதுக்கி வச்சதாச்சே" என்றார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், வெகுளியாகத்தான் சொன்னார்கள்.

கடைக்கு வருகிறவன் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவான். தங்கை போடமாட்டாள். அப்படித்தானே அண்ணா கணக்குப் போட்டீர்கள்? பழைய சரக்கைத் தள்ளிவிட்டதைக்கூட நான் விழுங்கிக்கொள்வேன். விழுந்து கிடப்பவர் காதில் விழும்படி அவர் கைமேலேயே பழியைப் போட உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னால் அவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை திரும்பிவிடும். ஆனால் அவருக்கென்று இருக்கிற ஒரே மச்சான் போய்விடுவார்.

ஞாயிறு காலை போன் அவர் அருகில் இருக்கும். நான் கடைவீதிக்குப் போய்விடுவேன். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மன்னிப்புக்கூட வேண்டாம், மாப்ள, உங்க கைல தப்பில்ல என்று ஒரு வார்த்தை போதும். நான் திரும்பி வரும்போதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தால், நான் சொல்லிவிடுவேன்.

நீங்களும் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். இதை இந்த நிமிடம் வரை மனதார எழுத முடிகிறது அண்ணா. இனிமேலும் எழுத விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை