தீவு என்றதும் தீவுத்திடல் என்று நினைத்தோம்

அன்பு மகள் எழிலுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சுவேதா எழுதுவது. நானும் அப்பாவும் சுவேதாவும் திருவேற்காட்டில் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்தக் கடலுக்கு நடுவே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அங்கே டவர் கிடைக்காததால் போனில் பேச வழியில்லை, உன் காலேஜ் ரேஷ்மா மேடம் இரண்டாவது குழுவை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ செய்த வேலைக்கு முதலில் உன்னைத் திட்டத்தான் இருந்தேன். தீவுக்குப் போறேம்மா என்றாயே தவிர மேலே ஒரு வார்த்தை சொன்னாயா? காலேஜ் தாளைச் சுவேதா படித்துக் காட்டியபோது தீவில் முகாம் என்று வந்தது, தீவுத்திடலா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். அங்கே நடக்கும் பொருட்காட்சியில் காலேஜ் ஸ்டால் போடுகிறார்கள் போல என்று நானே கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக் கோமளா என்னைப் பார்த்து, "இன்னா பேபி, பொண்ணு வரச்சொல்ல டெல்லி அப்பளம் வாங்கியாரச் சொல்லு" என்றாள், நானும் சரி என்றேன். நீ கிளம்பிய நான்காம் நாள், போர்ட் பிளேரில் கப்பல் இறங்கிவிட்டேன், இனிமேல்தான் தீவு என்று போன் செய்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. சுவேதாவைப் பிடித்து உலுக்கினேன். "நான்தான் பத்தாவதோட நின்னுட்டேன், அக்காவாவது போவட்டும்மா" என்றாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்று இப்போது அடம் பிடிக்கிறாள், எழுதுடி என்று அதட்டி எழுத வைத்திருக்கிறேன்.

அப்பா, நீ திரும்பி வந்ததும் காலேஜும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த நேரத்தில்தான் உங்களைத் தீவில் விட்டுத் திரும்பிய ரேஷ்மா மேடம் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்தார். பவளப்பாறை அளக்கும் வேலைக்கு உன்னை மட்டும் இன்னும் ஒரு மாதம் நிறுத்திக்கொள்ள வேண்டுமாம், அதற்கு அப்பா கையெழுத்து வேண்டுமாம். அப்பா முடியாது என்று எழுந்தே விட்டார். மேடம் கோபப்படவில்லை. தீவுக்குப் போன மூன்றாம் நாள் அடித்த காற்றில் கூடாரமெல்லாம் சாய்ந்து பிள்ளைகள் அழுதார்களாம், நீதான் தார்ப்பாயை இழுத்து மரத்தில் கட்டினாயாம், அது மட்டும் கடைசிவரை அவிழவில்லையாம். சொல்லிக்கொண்டே செல்லில் படம் காட்டினார். அப்பா செல்லை வாங்கி, உன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நான் லோடுக்குப் போடுற முடிச்சு மேடம். பாடி லாரி செட்டுல எங்கூட வேலை செய்றவனுக்கே பாதிப் பேருக்கு வராது" என்றார். மழைக்கு நம் கூரைமேல் அவர் தார்ப்பாய் கட்டும்போது நீ கீழே நின்று கயிறு பிடித்துக்கொண்டிருப்பாய், எப்போது கற்றுக்கொண்டாய் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு மேடம் கொண்டுவந்த தாளைச் சுவேதாவை வரி வரியாகப் படிக்கச் சொன்னார், ஒன்றையும் விழுங்காமல் படி என்றார், கேட்டு முடித்துக் கையெழுத்துப் போட்டார். மேடம் தாளைப் பைக்குள் வைத்த பிறகு, ஒரு மாதம் போதுமா என்று அவளையே கேளுங்கள் என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் செல்லில் மேப்பைத் திறந்து உன் தீவைத் தேடினோம், ஒரே நீலமாக இருக்கிறது, பெயர்கூடப் போடவில்லை. பெயர் இல்லாத அந்த இடத்தில் என் மகள் இருக்கிறாள் என்று அப்பா பாடி லாரி செட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஈரத் துணியோடு இருக்காதே, உனக்குச் சளி உடனே பிடிக்கும். பாறையில் செருப்பில்லாமல் நடக்காதே. கருமாரியம்மன் துணையிருப்பாள், நன்றாக இரு கண்ணு, எடுத்த வேலையை முழுதாக முடித்துவிட்டு வா. இனிமேல் எங்கே போவதானாலும் ஊர்ப் பெயரை முழுதாகச் சொல், நாங்கள் ஒன்றும் தடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உன் அம்மா பேபி

அக்கா, இது நான். அங்கே கடல் நிஜமாகவே பச்சையாக இருக்குமா? வந்து எனக்கு மட்டும் சொல். சுவேதா.