மகள் என்ன படிக்கிறாள்?

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலையா? குட்டி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

சனிக்கிழமை நான் வேலை பார்க்கும் இந்த ஊர் நூலகத்தில், அண்மையில் நான் படித்த சிறுவர் புத்தகங்களைப் பற்றிப் பெற்றோர்களிடம் பேசினேன். முடிந்ததும் ஒரு அம்மா, “உங்க பொண்ணு இப்ப என்ன படிக்கிறா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த திமிங்கலக் கதையைக் காட்டி, “இதைத்தான். கீழயே வைக்க மாட்டேங்கிறா” என்று சொல்லிவிட்டேன். உடனே அந்தப் புத்தகத்தை இரவல் எடுக்க ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது கை கூசியது. போன வாரம் போனில் குட்டி ஏதோ கதை சொல்ல வந்தாள். “அப்புறம் பேசலாம்டா” என்று வைத்தவள் நான்தான்.

அவள் படிக்கிற புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். நான் கேட்டதாகச் சொல்லாதீர்கள். வேண்டாம், சொல்லிவிடுங்கள். “அம்மாவுக்குத் தெரியலையாம், நீதான் சொல்லணுமாம்” என்று சொல்லுங்கள்.

நூலகம் திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள்
குட்டியின் அம்மா