தானாக அனுப்பாது

பாலையூற்று,
திருகோணமலை.
19.06.2025

அன்புள்ள ஜெயரூபிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உமக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் குறைவில்லாத சுகத்தைத் தரட்டும். வெள்ளிக்கிழமை நீர் கனடாவிலிருந்து எடுத்த போனுக்கு நான் "ஓம், விளங்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர். கொஞ்சம் கோபம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை உமக்கு எழுதாமல் இருக்க ஏலாது.

இணையத்தில் கமெராக்களை விமர்சிப்பவர்களை நான் நம்புவதில்லை. பெட்டியைத் திறந்து, பெட்டியில் எழுதியிருப்பதையே வாசிப்பார்கள். உம்மை நம்பினேன். பேராதனைக் கம்பஸ் ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் இருந்தோம். ஓர் அளவு சரிவராவிட்டால் முதலிலிருந்து எடுப்பவர் நீர். அதனால்தான் தங்கை ஹுஸ்னியா கமெரா வாங்க யோசனை கேட்டபோது இந்தக் கமெராவைப் பற்றி நீர் போட்ட வீடியோவைக் காட்டினேன். "படங்களைத் தானாக எங்கும் அனுப்பாது" என்று அதில் சொன்னீர். அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வசனம்தான்.

அவள் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியை மட்டும் படம் பிடிப்பவள். அங்கே முக்காடில்லாமல் அலங்காரத்தோடு இருப்பவர்களை வெளி ஆண் ஒருவரும் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் மெமரி கார்ட்டை மணப்பெண்ணின் உம்மாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். அதற்காகத்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். கம்பஸில் படித்த மூத்தவள், தன் ராத்தா, பார்த்து எடுத்துத் தந்த கமெரா என்று அவள் சொல்ல, கேட்ட வீடுகளுக்கெல்லாம் நானும் ஓம் என்றேன்.

ஒருமுறை போனோடு இணைத்துவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்தின் சிறிய பிரதியும் போனுக்குப் போய்விடும் என்று வெள்ளிக்கிழமை போனில் நீர் சொன்னீர். ஹுஸ்னியா இணைத்தது தன் பழைய போனோடு அல்ல, கணவர் நஸ்ரியின் போனோடு. கல்யாண வீட்டுக்கும் அதைத்தான் கொண்டுபோவாள். அடுத்த நாள் அவர் அதோடு துறைமுகத்தில் இழுவைப் படகு வேலைக்குப் போவார். அங்கே ஒருவர் போனை மற்றவர் வாங்கிப் பார்ப்பது சாதாரணம்.

உடனே கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். நஸ்ரியின் போனில் கமெராவின் செயலியைத் திறந்தோம். இந்தக் கமெராவால் அதுவரை எடுத்த ஒரே கல்யாணம், போன மாதத்து மூதூர்க் கல்யாணம், முழுவதும் அதற்குள் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். நஸ்ரியின் முகம் கறுத்துவிட்டது. "இப்பிடியொண்டு இதுக்குள்ள இரிக்கெண்டே எனக்குத் தெரியா, மதினி" என்றார். நான் நம்பினேன்.

அழித்துவிடுவோம், ஒருவருக்கும் தெரியவராது என்று சொன்னவள் நான்தான். எழுத வெட்கமாக இருக்கிறது. ஹுஸ்னியா உமது வீடியோவை எடுத்து என் முன்னால் வைத்தாள். தலைப்பிலேயே 'நான் சொன்னது பிழை' என்று போட்டு, போனோடு இணைக்காமலே சோதித்ததாக எழுதியிருந்தீர். அதற்குக் கீழே ஆட்களின் பரிகாசம். "ஒங்கட கூட்டாளி உலகத்துக்கே சொல்லிட்டா. நமக்குச் சொல்ல இரிக்கிறது ரெண்டு வீடு, ராத்தா" என்றாள்.

சனிக்கிழமை மூதூர் போனோம். மணப்பெண்ணின் உம்மா நஜ்முன் நிஸா கதிரை போட்டார், தேத்தண்ணி தரவில்லை. போனை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தன் விரலாலேயே அழித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டும் முடியும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு, "சொல்லாம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிரிக்காது" என்றார். அது ஏச்சா, நன்றியா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இளைய மகளின் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவாரா என்பதும் தெரியாது.

மற்றது, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இருந்த அசனாவின் வீடு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன் வெளிய நிக்கட்டும், ஹுஸ்னியா உள்ள வரட்டும்" என்றார். நீர் சொன்ன முறையில் இணைப்பைத் துண்டித்து, நானே சுவரையும் அலுமாரியையும் ஐம்பது படம் எடுத்து, ஒன்றும் போனுக்குப் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவளை அனுப்பினேன். உமது போன் மூன்று நாள் பிந்தியிருந்தால் அசனா வீட்டுப் பெண்களும் நஸ்ரியின் போனோடு படகேறியிருப்பார்கள். ஹுஸ்னியாவை அதன் பிறகு இந்தப் பக்கம் யார் கூப்பிடுவார்கள்?

கம்பெனி இனிச் சோதிக்கக் கமெரா தராதாம், பார்ப்பவர்களும் ஏசுகிறார்கள், வீடியோ எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒதுங்கப்போகிறேன் என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தீர். நன்றி சொல்லும் கடிதமானாலும் இதை மறைக்க மாட்டேன்: முதலிலேயே இணைத்துப் பார்த்திருக்க வேண்டும். என் பிழையும் அதுதான். உமது சொல்லைச் சோதிக்காமல் என் சொல்லாக ஊருக்குக் கொடுத்தேன். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துக் கமெரா வாங்கிய எல்லோருக்கும் உம்மால் போன் எடுக்க ஏலாது. அவர்கள் திரும்பி வந்து பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதை எடுத்துவிடாதீர். பிழையும் திருத்தமும் ஒன்றாக அங்கேயே கிடக்கட்டும்.

ஏச்சைத் தாங்கும் மனதை அல்லாஹ் உமக்குத் தரட்டும். ஹுஸ்னியாவுக்கு அடுத்த மாதம் ஒரு ஃபிளாஷ் வாங்க வேண்டியிருக்கிறது. எது நல்லது என்று உம்மிடம்தான் கேட்டு எழுதச் சொன்னாள். அவசரமில்லை. கமெராவில் பூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும்.

என்றும் உமது,
அஸ்மியா