மூன்றாம் ஓலை

1936 ஜனவரி 4, சனி
பவுலினின் சொத்தைப் பல் ஒருவழியாகப் போயிற்று. தவக்காலம் பிறந்தால் கல்யாணம் வைக்கக்கூடாது, அதற்குள் முடிக்கவேண்டும். கன்னம் வீங்கிய பெண்ணைத் பட்டாளத் தண்டு ஸ்டூடியோவில் கல்யாணப் படத்துக்கு எப்படி நிறுத்துவது என்று அம்மாதான் பிடுங்க வைத்தாள். என் தங்கையோ வாயில் பஞ்சோடு மாப்பிள்ளை ஆம்ப்ரோஸின் மீசையைக் கேலி செய்துகொண்டிருக்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு
கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். "தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்" என்று சாமியார் நிறுத்தியதும் பவுலின் என்னைக் கிள்ளினாள். அவள் கை சுட்டது.

ஜனவரி 26
இரண்டாம் ஓலை. சாயங்காலமானால் காய்ச்சல். மலேரியாவோ என்று கொய்னா மாத்திரை கொடுக்கிறோம். கல்யாண அலைச்சல் என்கிறாள் அம்மா.

பிப்ரவரி 1
மல்லேஸ்வரத்திலிருந்து டாக்டர் ஸ்ரீகண்டன் வந்தார். "பொறந்ததுலேருந்தே இதயத்துல ஓட்டைம்மா. பல்லு எடுத்த எடத்துலேருந்து கிருமி ரத்தத்துல ஏறி அங்க போய் உக்காந்துடுச்சு."
சின்ன வயதில் அவள் மார்பில் காது வைத்தால் பம்பரம் சுற்றுகிற மாதிரி இரையும். எங்களுக்கு அது விளையாட்டு.
மருந்து? இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். ஒரு பல்லு — ஒரு சொத்தைப் பல்லுக்கா?
மூன்றாம் ஓலையை அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மார்ச், தேதி பார்க்கவில்லை
எலும்பும் தோலுமாகிவிட்டாள். நகத்துக்கடியில் சிவப்புக் கீற்றுகள். "நான்தானே புடுங்கச் சொன்னேன்" என்று அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 14
ஈஸ்டரும் போயிற்று. ஆம்ப்ரோஸ் அப்பாவிடம், "மூணாவது ஓலையையும் வாசிச்சிடச் சொல்லுங்க மாமா" என்றார்.
"இனிமே எதுக்குப்பா?"
"அவ கேக்குறா."

ஏப்ரல் 19, ஞாயிறு
வாசித்தார்கள். கோயில் முழுக்க விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.
"யாரும் தடை சொல்லலையாக்கா?"
"இல்லடி."
"டாக்டர் நம்ம கோயிலுக்கு வர்றதில்ல, அதான்" என்று சிரித்தாள். பாவி, இப்போதும் கேலி. நானும் சிரித்துவிட்டு, குசினிக்குப் போய் அழுதேன்.

ஏப்ரல் 23
போய்விட்டாள்.

ஏப்ரல் 24
கூறைப்புடவை உடுத்தித்தான் அனுப்பினோம். கொசுவம் நிற்கவேயில்லை, அவ்வளவு மெலிந்திருந்தாள். கடைசியில் ஊசி குத்தினேன். அவளுக்கு வலிக்குமோ என்று என் விரலை உள்ளே கொடுத்துக்கொண்டேன்.

மே 3, ஞாயிறு
டெஸ்மண்ட், மௌரீன் என்று வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை. தடை கேட்டுச் சாமியார் நிறுத்தியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். ஆம்ப்ரோஸ் தன் வீட்டாரோடு இல்லை. எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில், இந்த வீட்டு மருமகன் இருக்கவேண்டிய இடத்தில் முழந்தாளிட்டிருந்தார்.