இஸ்திரி போட்ட நீலச் சட்டை

என் குமாரு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. காலடிப்பேட்டையில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. உன்னை லாரி இடித்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் மெட்ரோவுக்கு நடக்கிறேன். அங்கே வந்ததும் ஏதாவது ஆகும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நடந்து போய்விடுகிறேன்.

அழுதாயா என்று கேட்காதே. உன் காரியத்தன்றுகூட வந்தவர்களுக்கு டீ போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கேமில் வரும் ஆட்களுக்குத் துணி செய்கிறேன். நிஜத் துணியைப் பலகையில் விரித்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, மேலிருந்து படமெடுத்து, அந்தப் படத்தைக் கேம் ஆளின் உடம்பில் போர்த்துகிற வேலை. "துணிக்குப் போட்டோ புடிக்க ஒரு சம்பளமா?" என்று நீ சிரிப்பாய்.

போன மாதம் ஒரு கேம் வந்தது. கதை துறைமுகத்தில் நடக்கிறது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெளுத்த வேலைச் சட்டை வேண்டும் என்றார்கள். பழைய துணி நான்கைந்து வாங்கிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. வீட்டில் இதைச் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள்.

கன்டெய்னர் யார்டுக்கு நீ போட்டுப்போகும் நீலச் சட்டை. லாரி இடித்த அன்று காலை வேறு சட்டை மாட்டிக்கொண்டு போனாயே, முந்தின நாள் கழற்றி ஆணியில் போட்டது இது. துவைக்காமல் வைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது.

"இத்த எடுத்துகினு போ. போட்டோ தானே புடிக்கப் போற?"

"வேணாம்மா."

"எடுத்துகினு போடி. எங்கனா ஒரு எடத்துல அவன் சட்டை இருக்கட்டும்."

கொண்டுபோனேன். சுருக்கம் இருந்தால் நிழல் விழும், அதனால் எந்தத் துணியையும் நீராவி இஸ்திரி போட்ட பிறகுதான் படமெடுப்போம். உன் சட்டையையும் போட்டேன். யோசிக்கவே இல்லை குமாரு. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. ஆவி மேலே வந்தபோது உன் வியர்வை வாசனை ஒருமுறை வந்தது. அப்புறம் இல்லை. அப்போதும் நான் நிறுத்தவில்லை, முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

படம் அருமையாக வந்தது. ஒவ்வொரு இழையும் தெரிந்தது. பாக்கெட்டுக்குக் கீழே கிழிசலை நீயே கருப்பு நூலில் கோணலாகத் தைத்திருந்தாய். படத்திலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஒட்டித்தான் முழுச் சட்டை ஆக்குவோம். உன் தையல் நாற்பது இடத்தில் வந்து நின்றது. கம்ப்யூட்டரிலேயே அழித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து சீட்டு பிரியா எட்டிப் பார்த்து, "சூப்பரா வந்திருக்குக்கா, யார் சட்டை?" என்றாள். பழைய துணி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சட்டையை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி முகத்தில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். தினமும் நான் வேலைக்குப் போன பிறகு அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"வாசனை பூட்ச்சிடி," என்றாள். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, "நானே மோந்து மோந்து தீத்துட்டேன் போல கீது," என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். இஸ்திரி போட்டதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சாப்பாடு போடவா என்று கேட்டேன்.

நேற்று அந்தக் கேமில் ஒரு துண்டு பார்க்கக் கிடைத்தது. லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். உன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் கப்பல் ஓரமாக நடக்கிறான். முகம் உன் முகம் இல்லை. வெளுப்பு மட்டும் உன் தோளில் இருந்த அதே வெளுப்பு.

"எங்க போறான் இவன்?"

"எங்கயும் போவலம்மா. அங்கயே சுத்திகினு இருப்பான்."

"துன்றதுக்குகூட வூட்டுக்குப் போவ மாட்டானா?"

அவளே லேப்டாப்பை மூடினாள். சட்டை இப்போது பீரோவில் இல்லை, மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். உன்னைத் தன் மூச்சாலேயே தீர்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு தாய் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறாள், குமாரு. நான் அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காலை டீ குடித்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்: நீ தீர்க்கலம்மா, நான்தான் இஸ்திரி போட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசாமல் போனாலும் பரவாயில்லை. இது உனக்குச் செய்து கொடுக்கும் சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
செல்வி அக்கா