வேலுசாமி மேஸ்திரிக்குப் பேச்சு வந்த கதை

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.91

அன்பு இசக்கிக்கு,

அக்கா ஆவுடை எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பிவண்டியில் மழை விடாமல் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். தறிக்கூடத்துக்குள் தண்ணீர் வராமல் இருக்கிறதா? குழந்தைக்குச் சளி விட்டதா? ஆண்டாள் தேர் இந்த வருடம் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில் முண்டியடித்துப் போய், உனக்காகவும் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

இதை உன் வீட்டுக்காரர் பொன்னுராஜ் தம்பி வேலைக்குப் போன பிறகு படி. படித்ததும் வழக்கம்போலக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. உன் பழைய கதை எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாது என்று நீ என் கையைப் பிடித்துக் கேட்டதை நான் மறக்கவில்லை.

வன்னியம்பட்டி விலக்குக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் கூடி நடத்துகிற ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருப்பது உனக்குத் தெரியும். கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அங்கே தனியாக ஓர் அறை திறந்திருக்கிறார்கள். பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பி, எதிரே ஆள் உயரக் கண்ணாடி, காலில் கட்ட மணல் பை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கிற கிருபாபாய் என்ற பெண்தான் பயிற்சி கொடுப்பவர். பள்ளிக்கூடம் மாதிரி எல்லோரையும் மிரட்டி எழுப்புவதால் அவருக்கு டீச்சர் என்றே பேராகிவிட்டது. நோயாளியின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அவர் நடக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டே போவது என் வேலை. பிடி விட்டால் ஆள் விழுந்துவிடுவார்.

போன திங்கட்கிழமை என் கையில் யாருடைய இடுப்பு பெல்ட் வந்தது தெரியுமா? வேலுசாமி மேஸ்திரி.

வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாக்கு உள்ளேயே கிடந்து புரள்கிறது, எச்சில் மட்டும் வெளியே வருகிறது. அவருடைய மகன் தனுஷ்கோடி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். பார்த்ததும் எனக்கு ஐயோ பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. நிறைய சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

எப்படித் தோன்றும், சொல். ராஜபாளையத்து நூல் மில்லில், நூலைக் கழியாகச் சுற்றுகிற ரீலிங் பகுதிப் பிள்ளைகள் மேல் மேஸ்திரியின் கை படுகிறது என்று நீ போய் மானேஜரிடம் சொன்னாய். அந்த வாரமே உன் தூக்குச்சட்டிப் பைக்குள் ஒரு கழி நூல் வந்து உட்கார்ந்திருந்தது. ஷிப்ட் விடுகிற நேரத்தில், சோதனை போடுகிற கருத்தம்மா அதை எடுத்து அத்தனை பேர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள். மேஸ்திரி ஒரே ஒரு சொல் சொன்னார், கள்ளி என்று. அதோடு உன் வேலை போனது. உனக்குப் பேசி முடித்திருந்த ஐயாதுரை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா முதலில் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார், பிறகு சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் போனபோதுகூட நீ வரவில்லை. என் பெயர் தெளியாமல் ராஜபாளையத்து மண்ணை மிதிக்கமாட்டேன் என்று நீ கிளம்பிப் போய் எட்டு வருடம் ஆகிறது.

மேஸ்திரிக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் விடுவாரா? ஐயா, கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து நில்லுங்க என்று ஒரு அதட்டு. பார்த்தார். கண்ணாடியில் அவர் முதுகுக்குப் பின்னால் நான் நின்றேன்.

பெல்ட்டை விட்டுவிடலாமா என்று இருந்தது இசக்கி. கீழே சிமெண்டுத் தரை. கை வழுக்கிவிட்டது என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் விழுந்தால் இடுப்பு உடையும், ஆள் போய்ச் சேருவார், ஊரே கூடி மாலை போடும். அதற்கா நான் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்? இன்னும் நன்றாக யோசிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் வயிற்றெரிச்சலையும் சேர்த்துச் சுமக்கிற,
அக்கா ஆவுடை.

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.9.91

அன்பு இசக்கிக்கு,

உன் கடிதம் வந்தது. குழந்தை பள்ளிக்கூடத்தில் ஹிந்தியில் பாட்டுப் பாடினாள் என்று எழுதியதைப் படித்து உன் அத்தான் சிரித்துக்கொண்டே இருந்தார். இங்கே பருத்திக்கு மழை போதவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

அந்த ஆளை விட்டுவிடு அக்கா, சாமி பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். எட்டு வருடமாகச் சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது என் முறை. கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

பேச்சுக்கென்று இங்கே தனி ஆள் கிடையாது. கிருபாபாய் டீச்சரே அதையும் பார்க்கிறார். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து வாயைக் குவிக்கச் சொல்வார், ஊதச் சொல்வார், எண்ணச் சொல்வார். மேஸ்திரிக்கு முதலில் ஒன்று, இரண்டு வந்தது. அடுத்தது கோவிந்தா வந்தது. அதற்கடுத்து சுத்தமாக, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அவருடைய சம்சாரம் அதைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். என் வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாரு டீச்சர் என்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எதற்காக ஐயா நடக்கணும், மனதில் ஒரு காரியத்தை வைத்துக்கொள்ளுங்க என்று டீச்சர் எல்லோரையும் கேட்பது வழக்கம். மேஸ்திரி இடது கையை மேலே தூக்கிக் கீழே ஓங்கிக் காட்டினார். தனுஷ்கோடிதான் விளக்கினான். ஆயுத பூஜை அன்று மில் கேட்டைத் திறந்துவிட்டுக் குடும்பம் குட்டியோடு எல்லோரையும் உள்ளே விடுவார்கள் அல்லவா, அப்போது கேட்டில் பூசணிக்காய் உடைப்பது மேஸ்திரிதானே. ரிட்டையர் ஆன பிறகும் அவர்தான் உடைக்கிறாராம். இந்த வருடமும் நானே உடைப்பேன் என்கிறார். கையில் சூடம் எரிய, கண்ணேறு கழியட்டும் என்று அவர் சத்தமாகச் சொல்லும்வரை அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். உனக்கே ஞாபகம் இருக்கும்.

அந்தக் கேட், அந்தக் கூட்டம், எல்லோரும் வாயை மூடி அவர் வாயையே பார்க்கிற அந்தச் செத்த நேரம். எனக்கு அப்போதே வழி தெரிந்துவிட்டது.

தண்ணி, சோறு, வலி என்று தேவையான சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிற வேலையை டீச்சர் என்னிடம் விட்டிருக்கிறார். நான் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். கம்பிகளுக்கு நடுவில் நிற்கவைத்து, கால் நடுங்கத் தொடங்கியதும் காதருகே போய்ச் சொன்னேன். இசக்கி எடுக்கல. சொல்லும், நாற்காலி போடுதேன். முதல் நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. வேர்த்து ஊற்றியது. நானும் நாற்காலியைத் தொடவில்லை. அடுத்த வாரம் "இ" வந்தது. அதற்கடுத்து உன் பெயர் முழுதாக வந்தது. அந்த வாயிலிருந்து உன் பெயர் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னொரு தரம் சொல்லும் என்றேன்.

டீச்சர் ஒரு நாள் பார்த்துவிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டு, நிற்கமுடியாதவரை நிற்கவைத்து வதைப்பதற்கு இந்த அறையில் இடமில்லை என்று கத்தினார். நான் நம் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவருக்குக் கண் கலங்கியது, ஆனாலும் தண்டனையைக் குறைக்கவில்லை. என்னைக் கட்டுத்துணி மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்பமுடியவில்லை. வேறு ஆயா பெல்ட்டைப் பிடித்தால் மேஸ்திரி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். கட்டுத்துணி மேஜைப் பக்கம் கையை நீட்டி நீட்டி என்னைக் காட்டுகிறார். அந்த அம்மா உங்களைக் கஷ்டப்படுத்தினாளே, மறுபடியும் அவள்தான் வேண்டுமா என்று டீச்சர் கேட்டதற்குத் தலையை ஆட்டினாராம். இனி நாற்காலி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டீச்சர் என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இப்போது நான் கேட்காமலேயே அவர் உன் பெயரைச் சொல்லிப் பழகுகிறார். அவர் மனதில் என்ன இருக்கிறதோ தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசை இல்லை. எனக்கு வேண்டியது அந்தக் கேட்.

இதையும் கிழித்துப் போடு. தம்பியைக் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அக்கா,
ஆவுடை.

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.10.91

என் தங்கம் இசக்கிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைக் கேள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தனுஷ்கோடி என்னைத் தேடி வந்தான். அக்கா, நீங்க பெல்ட்டப் பிடிச்சாத்தான் அப்பா எந்திரிக்காரு, ஒரு எட்டு மில்லுக்கு வந்துட்டுப் போங்க என்றான். நான் உன் அக்கா என்பது அவனுக்குத் தெரியாது. உன் விஷயம் நடந்தபோது அவன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். நானும் சொல்லவில்லை.

உன் மில் வாசலில் வாழை கட்டி, தோரணம் கட்டி, ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. பொரியும் சுண்டலும் வாங்க ஒரே கூட்டம். ஆட்டோவிலிருந்து இறங்கி, இடது கையில் தடியோடு, காலை இழுத்து இழுத்து மேஸ்திரி நடந்தார். பின்னால் நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். எல்லோரும் விலகி வழி விட்டுக் கும்பிட்டார்கள். பெரிய மேஸ்திரி வாராரு என்று ஒரே மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை நிறுத்திவைத்த அதே இடத்தில், கேட்டின் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் நான் அவரை நிறுத்தினேன்.

பூசணிக்காயில் சூடத்தை ஏற்றித் தனுஷ்கோடி சுற்றினான். ரேடியோ செட்டை நிறுத்தினார்கள். மேஸ்திரிக்கு வாய் வருமா வராதா என்று பார்க்க மில்லே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவர் சொன்னார். இசக்கி எடுக்கல என்று சொன்னார். குழறல்தான், ஆனால் பின்வரிசைக்கும் கேட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன், நான் பழக்கியது அவ்வளவுதான். ஆனால் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வாயைக் குவித்தார். கண்ணாடி முன்னால் செய்வது போலவே குவித்து, திணறி, "நான்... நாந்தான் வச்சேன்" என்றார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை இசக்கி. சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தனுஷ்கோடி பதறிப்போய், அப்பாவுக்கு மூளை கலங்கிப்போச்சு, அது ஒளறல் என்று கத்தினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ரீலிங்கில் உன்னோடு வேலை பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேஸ்திரி தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, மகன் கையிலிருந்த பூசணிக்காயை இடது கையால் என் பக்கம் தள்ளினார்.

பொம்பளை உடைக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். ஒரு கையில் பெல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கிப் போட்டேன். அப்பாவை நினைத்துப் போட்டேன், உன்னை நினைத்துப் போட்டேன். கேட் வாசலெல்லாம் சிவப்பாகச் சிதறியது.

கருத்தம்மா அழுதுகொண்டே வந்து, ஏட்டி ஆவுடை, நான் அன்னைக்கே நெனச்சேன், அது அப்படிப்பட்ட பிள்ளை இல்லன்னு என்றாள். அவளை நான் விடவில்லை. நெனச்சியே, எங்கப்பன் செத்துக் கெடக்கையில வந்து சொன்னியா, இங்க நிக்கதுல எத்தன பேரு நெனச்சீக என்று கேட்டேன். பொரியை மடியில் கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தராக நழுவினார்கள். மேஸ்திரி மேல் இருந்த கோபத்தில் பாதி அன்று அவர்கள் மேல் போய்விட்டது. அந்தப் பாதி இனி அவரிடம் திரும்பிப் போகும் என்று நினைக்கவில்லை.

தனுஷ்கோடி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டேன் என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தான். மூன்றாம் நாள் அவருடைய சம்சாரம் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு, டவுன் பஸ்ஸில் கூட்டிவந்துவிட்டாள். அவர் கம்பிகளுக்கு நடுவில் வந்து நின்று, நான் பெல்ட் கட்டுவதற்காகக் கையைத் தூக்கினார். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அப்பா திரும்பி வந்து சொன்னால் பார்க்கலாம்.

ஊர் முன்னால் சொல்லிவிட்டார், சரி. உன் முன்னால் சொன்னாரா? தை மாதம் நீ வர வேண்டும். அந்த அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் உனக்கு நாற்காலி போடுகிறேன். நீ உட்கார்ந்திரு, அவர் நடந்து உன்னிடம் வரட்டும். அதுவரை அவர் விழாமலும் சாகாமலும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் பிடித்த பிடியை இதுவரை விட்டதில்லை.

அப்பா படத்துக்கு இந்த எட்டு வருடத்தில் நான் மாலை போடவில்லை. நீ வந்து போடு. உன் பிள்ளைக்கு அவள் தாத்தாவைக் காட்டு. ஆண்டாள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள், மகராசியாக வா.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடாதே. தம்பி பொன்னுராஜ் வேலை முடிந்து வந்து உட்காரட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா ஆவுடையம்மாள்.